பைரவப் பொடியும் ஒரு மண்டலமும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எக்ஸ்ரே பார்ப்பது எப்படி, இடுப்பு மூட்டைத் தொட்டு அறிவது எப்படி என்பதையெல்லாம் நான் பேசப்போவதில்லை. அதற்குத்தானே அவ்வளவு ஃபீஸ் கட்டிப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் சொல்லப்போவது கல்லூரியில் சொல்லித்தராத ஒரு வியாதியைப் பற்றி. நாய்களுக்கு அது வருவதில்லை. நாயைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கு வரும், நாயைப் பரிசோதிக்கும் நமக்கும் வரும். 'நான் சொல்வதுதான் சரி' என்பது அதன் பெயர். எனக்கும் அது உண்டு, இன்னும் முழுதாகக் குணமாகவில்லை.

ஃபேரர் பார்க்கில் நான் கிளினிக் நடத்திய காலத்தில், மூட்டுத் தேய்ந்த நாயோடு வருபவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு டப்பாவும் இருக்கும். டப்பாவின்மேல் இலைப் படம் கட்டாயம் உண்டு. பக்கத்தில் ஒரு நாய் துள்ளிக் குதிக்கும். அந்த நாய்க்கு இரண்டு வயதுகூட இருக்காது, மூட்டுவலி என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. 'கெமிக்கல் இல்லை' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். தண்ணீரே கெமிக்கல்தானய்யா என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். 'பக்கவிளைவு அறவே இல்லை' என்று அடுத்த வரி. பக்கவிளைவு அறவே இல்லாத பொருளுக்குப் பெரும்பாலும் விளைவும் இருக்காது என்பதை மட்டும் டப்பாவில் யாரும் அச்சடிப்பதில்லை.

நான் மூலிகைக்கு எதிரி என்று இந்த வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அப்படியெல்லாம் இல்லை. மஞ்சளையும் குங்கிலியத்தையும் நானே சில நாய்களுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். சிலவற்றுக்குக் கொஞ்சம் உதவியது. பலவற்றுக்கு உதவியதா இல்லையா என்று நாய்க்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆனால் எந்த இலையும் வேரும், மாடிப்படி ஏற முடியாத கிழட்டு நாயை ஒரு வாரத்தில் பந்தயக் குதிரையாக்கியதை நான் பார்த்ததில்லை.

மூட்டுவலி நாய்க்கு ஆகச் சிறந்த வைத்தியம் எடையைக் குறைப்பது. அதைச் சொன்னால் வந்தவரின் முகம் தொங்கிவிடும். அதற்கு டப்பா கிடையாது, இலைப் படம் கிடையாது, வாட்ஸாப்பில் அனுப்பவும் முடியாது. 'பரோட்டா கொடுப்பதை நிறுத்துங்கள்' என்று சொல்லும் டாக்டரை யாருக்குப் பிடிக்கும், சொல்லுங்கள்.

செல்வராஜ் அண்ணனுக்கும் பிடிக்கவில்லை. அவர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். கிளினிக்கிலிருந்து நடந்துபோகிற தூரத்தில்தான் அவருடைய அடுக்குமாடி புளோக். மனைவி காலமான பிறகு வீட்டில் அவரும் கோப்பியும் மட்டுமே. கோப்பி என்பது தத்தெடுத்து வளர்த்த உள்ளூர்க் கலப்பின நாய், பால் விடாத காப்பி நிறம். வயதாகி, இடுப்பு மூட்டு இரண்டும் தேய்ந்து, பின்காலை இழுத்து இழுத்து நடக்கும். அவருக்கு அதுதான் காலை, அதுதான் மாலை. "இது போயிருச்சுன்னா நான் யாருக்காக டாக்டர் கதவத் தொறக்கணும்?" என்று ஒருமுறை சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போனார்.

வலி மாத்திரை எழுதிக் கொடுத்தேன், எடையைக் குறைக்கச் சொன்னேன். கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. கொஞ்சம்தான். அந்தக் 'கொஞ்சம்' இருக்கிறதே, அதில்தான் பொடி விற்பவர்கள் கடை போடுகிறார்கள்.

தெம்பனிஸில் அலுவலகம் வைத்துக்கொண்டு இணையத்தில் வியாபாரம் செய்த ஒருவர், கோட்டுப் போட்டு, தன்னை 'வைத்தியர்' என்று அழைத்துக்கொண்டு, பைரவப் பொடி என்று ஒன்றை விற்றார். பைரவருக்கு நாய் வாகனம் என்பது உங்களுக்குத் தெரியும். வாகனத்துக்குச் சர்வீஸ் செய்கிற பொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மண்டலம் கொடுக்க வேண்டும், பிறகு நிறுத்திவிட வேண்டும் என்று விதி. நாட்டு மருந்தை ஒரு மண்டலம் சாப்பிடுவது நம் வீடுகளில் வழக்கம்தானே, அதனால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கூடவே பத்தியமும் உண்டு. மீன் கூடாது, கோழி கூடாது, புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது. கோப்பி எந்தக் காலத்தில் கத்தரிக்காய் கேட்டு அழுதது என்று எனக்குத் தெரியவில்லை. செல்வராஜ் அண்ணன் பக்தியோடு தயிர்சோறு பிசைந்து போட்டார்.

பொடி கொடுக்க ஆரம்பித்த அந்த வாரமே கோப்பி ஓடியது.

நிஜமாகவே ஓடியது. நானே பார்த்தேன். கிளினிக் வாசலில் அதை அவிழ்த்துவிட்டுக் காட்டினார். வாலைச் சுழற்றிக்கொண்டு நடைபாதையின் கோடிவரை ஓடித் திரும்பி வந்தது. வைத்தியரும் ஒருநாள் வந்து அது ஓடுவதைப் படம் பிடித்துத் தன் இணையப் பக்கத்தில் போட்டார். செல்வராஜ் அண்ணன் அதில் பேசினார். நான் கொடுத்த வலி மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டதாகவும் அதில் பெருமையாகச் சொன்னார். பிறகு யோசித்தால், அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. பொடியும் மாத்திரையும் சேர்ந்து உள்ளே போயிருந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டியிருக்கலாம், ஏனென்று பின்னால் தெரியும்.

"என்ன டாக்டர், பேச்சக் காணோம்? இத்தன வருஷம் படிச்சீங்களே, இப்புடி ஓட வைக்க முடிஞ்சிச்சா லா?" என்றார்.

"இல்லண்ணே, முடியல" என்றேன். வயிறு எரிந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

சில வாரம் கழித்து நகம் வெட்டக் கொண்டுவந்தார். அப்போதுதான் நான் கோப்பியைச் சரியாகப் பார்த்தேன். வயிறு பானை மாதிரி தொங்கியது. முதுகில் முடி மெலிந்திருந்தது. கிளினிக்கில் வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணத்தை ஒரே மூச்சில் காலி செய்துவிட்டு நர்ஸைப் பார்த்தது.

"தண்ணி நெறையக் குடிக்குதா?"

"ஆமா டாக்டர், உடம்பு தேறிருச்சுல்ல. பசியும் அப்புடித்தான். போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் கையில இருந்த பரோட்டாவப் புடுங்கிருச்சு. லிஃப்ட்லயே அடிக்கடி ஒண்ணுக்குப் போயிருது, அக்கம்பக்கம் திட்டுறாங்க."

நாய் வைத்தியம் படித்த யாரிடம் இதைச் சொன்னாலும் ஒரே ஒரு சொல்தான் மனதில் வரும். ஸ்டீராய்டு. ரத்தப் பரிசோதனையும் அதே பக்கம்தான் கை காட்டியது. பொடிக்குள் யாரோ அதைக் கலந்திருக்கிறார்கள். கிழட்டு நாய் ஒரு வாரத்தில் ஓடிய மர்மம் அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு அப்போது ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. கோட்டுப் போட்ட அந்த மனிதன் மாட்டிக்கொண்டான். 'முற்றிலும் இயற்கை' என்று எழுதிய டப்பாவை வாசலில் வைத்துக் கொளுத்தலாம் போல இருந்தது. ஆனால் அந்தப் பொடியை அன்றைக்கே நிறுத்தினால் கோப்பி செத்துப்போகலாம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு தினமும் வந்துகொண்டிருந்தால், உடம்பு தன்னுடையதைச் சுரப்பதை நிறுத்திவிடும். வெளியிலிருந்து வருவது திடீரென்று நின்றால், உள்ளேயும் இருக்காது, வெளியேயும் இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். ஆக, ஊரெல்லாம் அந்தப் பொடியைக் குப்பை என்று சொல்லித் திரிந்த நான், இப்போது அதைத் தொடர்ந்து கொடுங்கள் என்று கெஞ்ச வேண்டிய நிலை.

அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் எங்கள் சின்ன டாக்டர் உள்ளே வந்தார். ஆஸ்திரேலியாவில் படித்துவிட்டு அப்போதுதான் சேர்ந்திருந்தார். கெட்டிக்காரர், நாய்களிடம் அன்பானவர். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் அவருக்கு, நான் முதலில் சொன்ன அந்த வியாதி வந்துவிட்டது. "அங்கிள், இது மூலிகையே இல்ல. உங்கள ஏமாத்திட்டாங்க. டுடேயே ஸ்டாப் பண்ணுங்க, தூக்கிப் போடுங்க" என்றார். அவ்வளவு நல்ல மனதோடு சொன்னார்.

"அண்ணே, அப்புடி நிறுத்தக் கூடாது" என்றேன் நான்.

செல்வராஜ் அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விளக்கினேன். பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, அதனால் அளவு தெரிந்த எங்கள் ஸ்டீராய்டு மாத்திரைக்கு மாற்றி, அதைப் படிப்படியாகக் குறைப்போம் என்றேன். மாத்திரை வேண்டாமென்றால் பொடியையாவது சட்டென்று நிறுத்தக் கூடாது என்றேன்.

"ஸ்டீராய்டா? அய்யய்யோ, வேணாம் டாக்டர். அது வெசம். பக்கவிளைவு ஜாஸ்தி. என் புள்ளைக்கு நான் ஸ்டீராய்டு கொடுக்க மாட்டேன்."

தினமும் காலையில் தயிர்சோற்றில் அதைத்தான் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். "இங்க பாருங்க டாக்டர். வைத்தியரு மண்டலம் முடிஞ்சா நிறுத்துங்கன்னாரு. சின்ன டாக்டரும் நிறுத்துன்றாரு. நீங்க ஒருத்தங்கதான் கொடுக்கச் சொல்றீங்க. மொதல்ல குப்பைன்னீங்க, இப்ப கொடுன்றீங்க. ரெண்டு பேரு சொல்றதத்தான நான் கேக்கணும்?"

தேர்தல் முடிந்தது. மோசடிக்காரரும் எங்கள் சின்ன டாக்டரும் ஒரே கட்சி, நான் எதிர்க்கட்சி, டெபாசிட் போயிற்று. நாயின் முன்னால், அதை வளர்ப்பவரின் முன்னால், ஒருபோதும் இரண்டு டாக்டராக நிற்காதீர்கள். உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது ஒரே வாயாக வாருங்கள். அன்றைக்கே அவரைப் போனில் அழைத்தேன், மறுநாளும் அழைத்தேன். "மண்டலம் முடியட்டும் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மண்டலம் முடிந்தது. வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டுப் பொடியை நிறுத்தியிருக்கிறார். அதற்கடுத்து ஒரு காலை நேரம், கிளினிக் கதவைத் திறந்துகொண்டிருக்கும்போது ஒரு டாக்ஸி வந்து நின்றது. கோப்பியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினார். ராத்திரியிலிருந்து வாந்தி. நிற்க முடியவில்லை. ஈறு வெளுத்து, காது சில்லிட்டு, நாடி பலவீனமாகத் துடித்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை.

சின்ன டாக்டரின் முகம் சுவர் நிறத்துக்குப் போய்விட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது. இருந்தும் தன் வேலையைச் செய்தார். "டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணிட்டு ஸ்டீராய்டு போடலாம் மேடம். இது வேற இன்ஃபெக்ஷனா இருந்தா, ஸ்டீராய்டு இன்னும் மோசமாக்கும்" என்றார். அவர் சொன்னது தவறே இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் முடிவு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அந்த நாடி அவ்வளவு நேரம் எங்களுக்குக் கொடுக்கும் போலத் தெரியவில்லை. எனக்குப் பொடியின் கதை தெரியும், நிறுத்திய கதையும் தெரியும். பரிசோதனைக்கு ரத்தம் மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சலைன் ஏற்றி, ஸ்டீராய்டு ஊசியைப் போட்டேன். தவறாக இருந்தால் கோப்பியை நான்தான் கொன்றேன் என்று ஆகும். அது தெரிந்துதான் போட்டேன். பயமாக இருந்தது.

அந்தப் பொடியைப் பிறகு ஆய்வகத்துக்கு அனுப்பினோம், சந்தேகப்பட்டதுதான் இருந்தது. வைத்தியரின் பக்கம் இணையத்திலிருந்து மறைந்தது. இப்போது பூனைகளுக்கு ஏதோ ஒரு பொடி வந்திருப்பதாகக் கேள்வி. எந்தக் கடவுளின் பெயரில் என்று நான் விசாரிக்கவில்லை.

ஆனால் அந்தக் காலையில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தோம். செல்வராஜ் அண்ணன் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் கொன்னுட்டேனா டாக்டர்?"

என் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. 'நான் அப்பவே சொன்னேனே.' எங்கள் தொழிலில் இதைவிட இனிப்பான வாக்கியம் கிடையாது. எத்தனை வாரமாக அதைப் பாலூட்டி வளர்த்திருந்தேன் தெரியுமா. வாசலில் நாயை ஓடவிட்டு என்னைக் கேலி செய்தாரே, அதற்கு வட்டியும் முதலுமாகச் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். அதைச் சொல்லியிருந்தால் அவர் தலையைக் குனிந்துகொண்டு, வாயையும் மூடிக்கொண்டிருப்பார். எனக்கு அவர் வாய் திறந்திருக்க வேண்டியிருந்தது.

"அண்ணே, இந்தப் பொடிய வேற யாருக்கெல்லாம் சொல்லிவிட்டீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. புளோக்கின் கீழே, வாய்ட் டெக் என்கிற திறந்த தரைத்தளத்தில், சாயங்காலம் நாய் பிடித்துக்கொண்டு வருகிற கூட்டம் முழுக்க. கோப்பி ஓடியதைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள். இவரே ஆர்டர் போட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். எல்லாரும் இவருக்குக் கொஞ்சம் பிந்தி ஆரம்பித்தவர்கள்.

"அப்ப அவங்களுக்கு மண்டலம் எப்ப முடியுது?"

"இந்த வாரம்" என்றார். சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது.

வெளியே நடைபாதையில் நின்று போன் பேச ஆரம்பித்தார். கண்ணாடிக் கதவு வழியாக எனக்குக் கேட்டது. "ஆமா, நான்தான் சொன்னேன். இப்பவும் நான்தான் சொல்றேன். நிறுத்தாதீங்க, அப்புடியே தூக்கிட்டு டாக்டர்ட்ட வாங்க." மறுபக்கம் சிரித்திருப்பார்கள் போல. "ஆமா, டாக்டரு பக்கம் மாறிட்டேன், சிரிங்க. தப்பு என்மேலதான். வாங்க." அடுத்த அழைப்பு. அதே வார்த்தைகள். பஸ் ஓட்டிய காலத்தில்கூட ஒரு பயணியிடம் மன்னிப்புக் கேட்டிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். நான் அவரைப் பற்றி மனதுக்குள் எவ்வளவோ நக்கல் செய்திருந்தேன். அதையெல்லாம் நினைத்து அப்போது எனக்கே கூச்சமாக இருந்தது.

ஒருவர் மட்டும் போனை எடுக்கவில்லை. மீனாட்சி அக்கா. தனியாக இருப்பவர், லட்டு என்று ஒரு குட்டி வெள்ளை நாய் வைத்திருந்தார். திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்துவிட்டு செல்வராஜ் அண்ணன் உள்ளே வந்தார். கோப்பியைப் பார்த்தார். அது அப்படியேதான் கிடந்தது. அதன் காதை ஒருமுறை தடவினார்.

"பாத்துக்குங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு, போய்விட்டார். கோப்பி ஊசிக்கு வந்தால்கூட அதன் தலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிற மனிதர் அவர்.

அவர் போன பிறகுதான் கோப்பியின் நாடி கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. ஈறில் நிறம் வந்தது. கண் எங்களைத் தேடியது. தலையை நிமிர்த்தி, சின்ன டாக்டரின் கையை முகர்ந்து பார்த்தது. அவர் திரும்பி நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நானும் அவரைக் கவனிக்காதது மாதிரி இருந்துவிட்டேன். கோப்பி பிழைக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் மாத்திரையைக் குறைத்துக் குறைத்து நிறுத்தினோம், பழையபடி காலை இழுத்துத்தான் நடந்தது. ஆனால் நடந்தது.

கதவு திறந்தது. செல்வராஜ் அண்ணன் மூச்சு வாங்க உள்ளே வந்தார். சட்டை முழுக்க வியர்வை. கையில் லட்டு, துணி மூட்டை போலச் சோர்ந்து கிடந்தது. பின்னாலேயே மீனாட்சி அக்கா, காலில் வீட்டுச் செருப்போடு.

"என் நாய்க்கு ஒண்ணும் இல்ல! சோறு திங்காம தூங்குது, அவ்வளவுதான். மண்டலம் முடிஞ்சிச்சு, நிறுத்திட்டேன், நீங்கதான நிறுத்தச் சொன்னீங்க? இப்ப வீட்டுக்குள்ள பூந்து தூக்கிட்டு ஓடி வர்றீங்க, உங்களுக்கென்ன பைத்தியமா? பொடி வாங்கிக் கொடுத்தது யாரு? சொல்லுங்க, யாரு?" கிளினிக்கே திரும்பிப் பார்த்தது.

அந்தப் பக்க மேசையில் கோப்பி செல்வராஜ் அண்ணனைக் கண்டு வாலை அசைத்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. லட்டுவை நேராக என் கையில் வைத்தார்.

"இவங்க திட்டட்டும் டாக்டர், பரவால்ல. நீங்க மொதல்ல இதப் பாருங்க."